பிளேவனாய்டு மாத்திரை: நோயில்லாதவர் போட்டால் என்ன ஆகும்? கேள்வி பதில்

கேள்வி: மேடம், வயது 34. பி.பி. 118/76, சுகர் இல்லை. தினமும் 500 மி.கி. குவெர்செடின் போட்டால் பி.பி. இன்னும் சீராகுமா?

பதில்: ஆகாது. பிளேவனாய்டு என்பது காய், பழம், டீ போன்றவற்றில் இயல்பாக இருக்கும் ஒரு வகைத் தாவரப் பொருள்; குவெர்செடின் அதில் ஒன்று. 2007-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் தினம் 730 மி.கி. குவெர்செடினை 28 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் நிலை ரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு மேல் அளவு சுமார் 7, கீழ் அளவு சுமார் 5 இறங்கியது. எல்லைக்கோட்டில் இருந்தவர்களுக்கு அதே மாத்திரையில் ஒன்றும் அசையவில்லை. நீங்கள் அந்தக் கோட்டுக்கும் கீழே இருக்கிறீர்கள். காசு மிச்சம்.

கேள்வி: டப்பாவில் 'சக்திவாய்ந்த ஆன்டிஆக்ஸிடன்ட்' என்று போட்டிருக்கிறதே?

பதில்: சோதனைக் குழாயில் உண்மைதான். உடம்பில் கதை வேறு. குடலையும் கல்லீரலையும் தாண்டுவதற்குள் பெரும்பகுதி உருமாறிவிடும். ரத்தத்தில் மிஞ்சுவது மிகக் கொஞ்சம். ஆப்பிள் தின்றதும் ரத்தத்தின் ஆன்டிஆக்ஸிடன்ட் அளவு ஏறுகிறதே என்பார்கள். ஏறும், ஆனால் அதற்குப் பெரும்பாலும் காரணம் பழத்தின் பிரக்டோஸ் கூட்டிவிடும் யூரிக் அமிலம். பிளேவனாய்டுக்கு அதில் பெரிய பங்கில்லை.

கேள்வி: எடை குறைய கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட் காலையில் வெறும் வயிற்றில் போடுகிறேன். சரியா?

பதில்: முதலில் அந்த வெறும் வயிற்றை நிறுத்துங்கள். இந்த வரிசையில் நான் பயப்படுவது இதற்கு மட்டும்தான். இதிலுள்ள இ.ஜி.சி.ஜி. என்ற பிளேவனாய்டு சாப்பிடாமல் போட்டால் ரத்தத்தில் பல மடங்கு ஏறும். சிலருக்கு அது கல்லீரலைத் தாக்கும். இ.ஜி.சி.ஜி. தினம் 800 மி.கி.யைத் தொட்டாலோ தாண்டினாலோ கல்லீரல் என்சைம்கள் உயர்வதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் சொன்னது. 2022 முதல் அங்கே ஒரு நாள் அளவு 800-க்குக் கீழேதான் இருக்கவேண்டும்.

லேபிளில் எக்ஸ்ட்ராக்ட் எடையைப் பார்த்து ஏமாறாதீர்கள். 500 மி.கி., 45% இ.ஜி.சி.ஜி. என்றால் ஒரு மாத்திரையில் 225 மி.கி.; நாளைக்கு நான்கு போட்டால் 900. 'ஃபேட் பர்னர்' பொடியிலும் இது கலந்திருக்கும், அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். சதவீதமே போடாத டப்பாவை வாங்கவேண்டாம். சிறுநீர் கறுத்தாலோ, கண் மஞ்சளித்தாலோ, வலது விலாவுக்குக் கீழே வலித்தாலோ அன்றே நிறுத்தி டாக்டரைப் பாருங்கள், எல்.எஃப்.டி. என்ற கல்லீரல் ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்வார். கோப்பையில் ஊறவைத்துக் குடிக்கும் கிரீன் டீக்கு இந்தப் பயம் வேண்டாம்.

கேள்வி: வேறு மருந்தோடு சேர்ந்தால்?

பதில்: நாடோலால் என்ற பி.பி. மாத்திரை உடம்பில் சேர்வதைக் கிரீன் டீ வெகுவாகக் குறைக்கும். வார்ஃபரின் (ரத்தம் உறையாமலிருக்க), சைக்ளோஸ்போரின் (நோய் எதிர்ப்பை அடக்க) எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்த எக்ஸ்ட்ராக்டையும் தொடவேண்டாம். இரும்புச்சத்து மாத்திரைக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

கேள்வி: மஞ்சள் கேப்ஸ்யூலும் இந்த வகைதானே?

பதில்: இல்லை. மஞ்சளிலுள்ள குர்குமின், பாலிபினால் என்ற பெரிய தாவரப் பொருள் குடும்பத்தைச் சேர்ந்தது. பிளேவனாய்டும் அதே குடும்பத்தில் ஒரு கிளைதான், ஆனால் குர்குமின் அந்தக் கிளை அல்ல.

கேள்வி: மாத்திரை வேண்டாம் என்றால் சாப்பாட்டில் எதைச் சேர்க்கலாம்?

பதில்: வெங்காயம் போதும். அதிலுள்ள குவெர்செடின் சர்க்கரையோடு ஒட்டியிருப்பதால் சிறுகுடலிலேயே உள்ளே போய்விடும். 1995-இல் ஒரு டச்சு ஆய்வில் வெங்காயத்திலிருந்து சுமார் 52%, ருட்டின் என்ற குவெர்செடினின் வேறொரு வடிவத்திலிருந்து 17%தான் உறிஞ்சப்பட்டது. சத்து வெளி அடுக்குகளில்தான் அதிகம். காய்ந்த சருகை மட்டும் உரியுங்கள். அவசரத்தில் சதைப்பற்றுள்ள முதல் அடுக்கையும் சேர்த்துப் பிய்த்துப் போடுவதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிறது. கொதிக்கும்போது கொஞ்சம் தண்ணீரில் இறங்கும், சாம்பாராக இருந்தால் அதுவும் தட்டுக்கே வந்துவிடும்.

கேள்வி: கோகோ இதயத்துக்கு நல்லதாமே? அப்பாவுக்கு 67.

பதில்: காஸ்மாஸ் என்ற அமெரிக்க ஆய்வில் 21,442 முதியவர்கள். பாதிப் பேருக்குத் தினம் 500 மி.கி. கோகோ பிளேவனால் (இதுவும் ஒரு பிளேவனாய்டு வகை). 2022-இல் வந்த முடிவில், மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் சேர்ந்த மொத்தக் கணக்கு உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. இதய நோய் மரணம் மட்டும் 27% குறைந்தது. அது ஆய்வின் முதன்மைக் கேள்வி இல்லை என்பதால் நான் அதைப் பிடித்துத் தொங்கமாட்டேன். கோகோ பவுடரே வாங்குவதென்றால் 'ஆல்கலி' சேர்த்ததை விட்டுவிடுங்கள். நிறம் கறுப்பாக, கசப்புக் குறைவாக இருக்கும். பிளேவனாலில் பெரும்பகுதி அந்தப் பக்குவத்திலேயே போய்விடும்.