சாவி கொடுக்கும் வாட்ச்: கேள்வி பதில்

பழைய கைக்கடிகாரங்களை வாங்குவது, கட்டுவது, காப்பாற்றுவது பற்றி வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன். படத்தை மட்டும் அனுப்பி "என்ன விலை போகும்?" என்று கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும். பின்மூடியைத் திறக்காமல் விலை சொல்வது, ஜாதகம் பார்க்காமல் பொருத்தம் சொல்வதைப் போன்றது.

மதுரையிலிருந்து: சார், முதன்முதலாக ஒரு பழைய வாட்ச் வாங்க ஆசை. கையில் ஐயாயிரம் ரூபாய் இருக்கிறது. எதை வாங்கலாம்?

எச்.எம்.டி. வேறு எதையும் யோசிக்க வேண்டாம். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1961இல் பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து வந்தவை இவை. ஜனதா, பைலட், கோஹினூர், சோனா, ஜவான் என்று பெயர்கள் பல. சாவி கொடுக்கும் ஜனதாவையும் பைலட்டையும் திறந்தால் உள்ளே சக்கர அச்சுகள் உரசாமல் சுழல 17 சிறு கல் வைத்த, எளிமையான, முரட்டு மிஷின். மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது நொடிக்கு ஐந்து. காதருகே வைத்தால் ஒவ்வொன்றும் தனியாகக் கேட்கும்.

எச்.எம்.டி.யைச் சொல்வதற்குப் பாசம் மட்டும் காரணமல்ல. எந்த ஊரிலும் வயதான ஒரு வாட்ச் மெக்கானிக்குக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டத் தெரிந்த மிஷின் இது. உதிரிப்பாகமும் கிடைக்கும். சுவிஸ் வாட்ச் ஒன்றை ஐயாயிரத்துக்கு வாங்கிவிட்டு, அதற்கு ஒரு பேலன்ஸ் தண்டு (உள்ளே துடிக்கும் சக்கரத்தின் அச்சு) தேடி ஒரு வருடம் அலைபவர்களை நான் அறிவேன். முழுப் பணத்தையும் வாட்சில் போடாதீர்கள். சர்வீசுக்கும் புதுப் பட்டைக்கும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

கோவையிலிருந்து: இணையத்தில் "பயன்படுத்தாத பழைய ஸ்டாக்" என்று எச்.எம்.டி. பைலட் விற்கிறார்கள். பளபளவென்று இருக்கிறது. நம்பலாமா?

பெரும்பாலும் நம்ப முடியாது. எச்.எம்.டி. வாட்ச் தயாரிப்பை மூடும் முடிவு 2016இல் வந்தது. அதற்குப் பிறகு ஆசைப்படுகிறவர்கள் கூடினார்கள், விலையும் ஏறியது. உடனே பழைய மிஷின், புதிதாக அச்சடித்த டயல், எங்கோ செய்த கேஸ் (வெளிக்கூடு) ஆகியவற்றைச் சேர்த்துப் பூட்டி, "பழைய ஸ்டாக்" என்று விற்பவர்கள் முளைத்தார்கள். கறுப்பு டயல் பைலட்தான் எல்லோரும் தேடுவது. ஆகவே போலி அதிகம் நடமாடுவதும் அதில்தான்.

எச்.எம்.டி. தயாரிக்காத நிறத்தில் டயல் இருந்தால் விலகிவிடுங்கள். பின்மூடியில் கீறலே இல்லை, ஆனால் உள்ளே திருகுகளின் வாய் மழுங்கியிருக்கிறது என்றால், அந்த மிஷின் பல கைகள் மாறி வந்தது என்று பொருள். பின்மூடியைத் திறந்து எடுத்த படம் கேளுங்கள். கொடுக்க மறுப்பவரிடம் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளலாம்.

சேலத்திலிருந்து: டயல் அசலா, மறுபடி வரைந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது அண்ணா? ஒரு ஃபேவர் லூபா பார்த்து வைத்திருக்கிறேன்.

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும் தம்பி. இந்தப் பொழுதுபோக்கில் பணம் போவது பெரும்பாலும் டயலில்தான்.

பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள், அதிக விலை இல்லை. முதலில் எழுத்தைப் பாருங்கள். தொழிற்சாலையில் அச்சான எழுத்தின் விளிம்பு கத்தியால் வெட்டியது போல் நிற்கும், மை சீராகப் படிந்திருக்கும். கையால் திரும்ப வரைந்ததில் மை தடித்து, ஓரத்தில் கசிந்து, எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி ஏறி இறங்கும். அடுத்து, நொடிக்கோடுகள். ஓரத்தைச் சுற்றி ஓடும் அறுபது கோடுகளில் ஐந்தாவது, பத்தாவது கோடுகள் மணிக்குறிகளுக்கு நேராக நிற்கின்றனவா? மறுபடி வரைந்த டயலில் எங்காவது ஓரிடத்தில் கோடு குறியைத் தவறவிட்டுப் பக்கத்தில் நிற்கும். ஆறு மணிக்குக் கீழே "சுவிஸ் மேட்" என்ற பொடி எழுத்து இருக்க வேண்டிய டயலில் அது இல்லாமலோ, கொழுத்த எழுத்திலோ இருந்தால் சந்தேகப்படுங்கள். ஒட்டிய மணிக்குறிகளின் அடியில் வார்னிஷ் தேங்கி நின்றாலும் அதே கதை. டயலைக் கழற்றிப் பார்க்க முடிந்தால், விளிம்பில் அரத்தால் போட்ட சிறு வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள். திரும்ப அச்சடிக்கும்போது டயலைத் திசை மாறாமல் பிடிப்பதற்காக வைக்கும் வெட்டு அது.

ஃபேவர் லூபா நல்ல பெயர். 1737ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகச் சொல்லும் சுவிஸ் நிறுவனம், இந்தியாவில் பல தலைமுறைகளுக்குப் பழக்கமானது. அதனாலேயே சீ சீஃப், சீ கிங் வாட்சுகள் இங்கே ஏராளமாகக் கைமாறின, ஏராளமாகத் திரும்ப வரையவும் பட்டன. காமி, ஹென்றி சாண்டோஸ் ஆகிய மற்ற சுவிஸ் வாட்சுகளுக்கும் இதே நிலைதான். கிளிப்பச்சை, ஆரஞ்சு, மயில்நீலம் என்று கண்ணைப் பறிக்கும் டயலோடு வருபவை பெரும்பாலும் ஒன்றின் மிஷின், இன்னொன்றின் கேஸ், மூன்றாவதன் முள். உலகம் முழுவதும் சேகரிப்பாளர்கள் இவற்றுக்கு மும்பையின் பெயரைச் சூட்டி ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். அழகுக்காக, தெரிந்தே, குறைந்த விலைக்கு வாங்கினால் தவறில்லை. அசல் என்று நம்பி வாங்கக் கூடாது.

தஞ்சாவூரிலிருந்து: ஐயா, அப்பாவுக்குக் கல்யாணத்தில் தாத்தா போட்ட எச்.எம்.டி. காஞ்சன் என்னிடம் இருக்கிறது. டயலில் புள்ளி புள்ளியாகக் கறை, தங்க முலாமும் ஓரங்களில் போய்விட்டது. டயலைப் புதிதாக்கி, முலாமும் பூசித் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். செய்யலாமா?

செய்யாதீர்கள். கடைக்காரர் கெட்டவர் என்று சொல்லவில்லை. அவரிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் புதிதாக்கித் தரச் சொல்லித்தான் கேட்கிறார்கள், அவர் செய்து தருகிறார். ஆனால் ஒரு முறை கழுவிய டயல் கழுவியதுதான். முலாம் பூசுவதற்கு முன் கேஸைத் தேய்ப்பார்கள். அதில் பட்டை மாட்டும் கொம்புகளின் கூர்மை மழுங்கிவிடும். காஞ்சனுக்கு அழகே அந்த விளிம்புகள்தான்.

ஒரு காலத்தில் மாப்பிள்ளைக்குக் காஞ்சன் போட்டார்களா என்று விசாரித்த வீடுகள் உண்டு. உங்கள் அப்பாவின் மணிக்கட்டு உரசி உரசித்தான் அந்த முலாம் போயிருக்கிறது. மிஷினை மட்டும் பிரித்து, கழுவி, எண்ணெய் விட்டுத் தரச் சொல்லுங்கள். கண்ணாடி மங்கியிருந்தால் மாற்றலாம், அல்லது பாலிஷ் போடலாம். அது அக்ரிலிக் கண்ணாடியாக இருந்தால் மெல்லிய கீறல்கள் தேய்த்தாலே போய்விடும். டயலை யாரும் தொடக் கூடாது என்று சீட்டில் எழுதியே கொடுங்கள். வாய்ச்சொல் மறந்துபோகும்.

ராமநாதபுரத்திலிருந்து: அப்பா வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த சீகோ 5. எந்த ஆண்டினது என்று அறிய முடியுமா? சாவியைத் திருகினாலும் ஓடவில்லையே, பழுதா?

பழுதாக இருக்க வேண்டியதில்லை. அந்தக் கால சீகோ 5 பலவற்றில் திருகிச் சாவி கொடுக்கும் வசதியே கிடையாது. கையை ஆட்ட ஆட்ட உள்ளே எடை சுழன்று ஸ்பிரிங்கை முறுக்கும். பக்கவாட்டில் மெதுவாக அரை நிமிடம் அசைத்துப் பாருங்கள். அப்படியும் ஓடவில்லை என்றால் எண்ணெய் காய்ந்திருக்கும்.

ஆண்டு அறிய, பின்மூடியில் உள்ள வரிசை எண்ணைப் பாருங்கள். முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். அக்டோபருக்கு ஓ, நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி. 82 என்று தொடங்கினால் பிப்ரவரி 1978 அல்லது பிப்ரவரி 1988. எந்தப் பத்தாண்டு என்பதை மிஷின் எண்ணை வைத்து முடிவு செய்யலாம். அதுவும் பின்மூடியிலேயே இருக்கும். 7009 என்றால் எழுபதுகளின் பிற்பகுதிக்கு முந்தியது அல்ல. கிழமையை மாற்றிக்கொண்டே வந்தால் ஆங்கிலத்தோடு அரபியும் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், வளைகுடாச் சந்தைக்கென்றே செய்தது. இரவு ஒன்பது மணிக்கும் அதிகாலை மூன்று மணிக்கும் இடையில் தேதியை மாற்றாதீர்கள். அப்போது தேதிப் பற்சக்கரங்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும், பல் உடையும்.

சென்னையிலிருந்து: பத்தாயிரம் ரூபாய்க்குப் பழைய ரோலக்ஸ் கிடைக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம்.

திருநெல்வேலியிலிருந்து: அதிகமாகச் சாவி கொடுத்தால் ஸ்பிரிங் அறுந்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

வீட்டுக்கு வீடு சொல்லும் கதை. சாவி கொடுக்கும் வாட்சில் ஸ்பிரிங் முழுதாக முறுக்கேறியதும் சாவி கொடுக்கும் திருகு மேற்கொண்டு சுற்றாமல் நின்றுவிடும். நீங்களும் அங்கே நிறுத்திவிட வேண்டும், முறுக்கிப் பிடிக்கக் கூடாது. அவ்வளவுதான். "சாவி அதிகமாகி நின்றுவிட்டது" என்று கொண்டுவரும் வாட்சைத் திறந்தால் பெரும்பாலும் எண்ணெய் பிசினாகி இறுகியிருக்கும். நான்கைந்து ஆண்டுக்கு ஒரு முறை சர்வீஸ் செய்யுங்கள். தினமும் காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள். நாளுக்கு இருபது முப்பது நொடி முன்பின் போனால் பொருட்படுத்தாதீர்கள். நொடி பிசகாத நேரம் வேண்டுமென்றால் உங்கள் சட்டைப்பையில் ஃபோன் இருக்கிறது.

புதுச்சேரியிலிருந்து: பெண்களுக்கான பழைய வாட்சுகள் விலை மலிவாக இருக்கின்றன. எங்களைப் போன்ற பெண்கள் சேகரிக்கலாமா?

மலிவாக இருப்பதற்குக் காரணம் உண்டு அம்மா. அந்தக் காலத்துப் பெண்கள் வாட்ச் சிலவற்றின் மிஷின் சுண்டுவிரல் நகம் அளவுதான். பழுது பார்க்க நல்ல கண்ணும் நடுங்காத கையும் வேண்டும், அப்படிப்பட்டவர்கள் குறைந்துவருகிறார்கள். ஓடுகிற நிலையில் இருந்தால் மட்டும் வாங்குங்கள். இன்னொரு வழியும் இருக்கிறது. பழைய ஆண்கள் வாட்சுகளே 34, 35 மில்லிமீட்டர்தான். இன்றைய தட்டு போன்ற வாட்சுகளுக்குப் பழகிய ஆண்கள் அவற்றைச் சிறியது என்று தள்ளுகிறார்கள். உங்கள் கைக்கு அவை கச்சிதமாக இருக்கும். ஜனதாவைக் கட்டிப் பாருங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து: தாத்தாவின் வெஸ்ட் எண்ட் சோவார் பெட்டியில் கிடந்தது. முள்ளில் பழுப்புப் பூச்சு, இருட்டில் ஒளிரவில்லை. ரேடியமா? ஆபத்தா?

வெஸ்ட் எண்ட், பம்பாயிலும் கல்கத்தாவிலும் கடை வைத்துப் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வாட்ச் விற்ற சுவிஸ் நிறுவனம். உங்களுடையது 1960களுக்கு முந்தியது என்றால் ரேடியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த பூச்சாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒளிரவில்லை என்பதால் ரேடியம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும். செத்துப்போனது அதனோடு கலந்திருந்த, ஒளிரும் துத்தநாகக் கலவை மட்டும்.

மூடிய கண்ணாடிக்குள் இருக்கும்வரை எப்போதாவது கட்டிக்கொள்வதில் பெரிய பயமில்லை. தலைமாட்டில் வைத்துத் தூங்க வேண்டாம். உண்மையான ஆபத்து அந்தப் பூச்சு உதிர்ந்து பொடியாகி மூச்சில் போவது. நீங்களாகத் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள். மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவருக்கும் நுரையீரல் உண்டு. டயலின் அடியில் "டி சுவிஸ் டி" என்று இருந்தால் அது டிரிட்டியம், பிற்காலத்தது. அது பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை பாதியாகிவிடும், கவலை குறைவு.

ஓசூரிலிருந்து: எச்.எம்.டி. ஏன் வீழ்ந்தது? எங்கள் ஊர் டைட்டன்தான் காரணம் என்று பெருமையாகச் சொல்கிறார்கள்.

பாதிப் பெருமை நியாயமானது. சீகோ, பேட்டரியில் ஓடும் தன் அஸ்ட்ரான் குவார்ட்ஸ் வாட்சை டோக்கியோவில் 1969 டிசம்பர் 25 அன்று விற்பனைக்கு வைத்தபோதே சாவி கொடுக்கும் வாட்சுக்கு நாள் குறித்தாகிவிட்டது. சுவிட்சர்லாந்தே ஆட்டம் கண்டது. டாட்டாவும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து 1984இல் டைட்டனைத் தொடங்கி, உங்கள் ஊரில் குவார்ட்ஸ் வாட்ச் செய்து, கண்ணாடி முகப்பு வைத்த கடைகளில் அலங்காரமாக வைத்து விற்றார்கள். எச்.எம்.டி. குவார்ட்ஸ் செய்யாமல் இல்லை. ஆனால் பெங்களூர், தும்கூர், ஸ்ரீநகர், ராணிபாக் என்று பரந்து கிடந்த அரசு நிறுவனம், வாங்குபவர் காத்திருப்பார் என்ற பழக்கத்திலேயே இருந்துவிட்டது. ஓசூரிலிருந்து பெங்களூர் பக்கம்தானே, ஜாலஹள்ளியில் எச்.எம்.டி. அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு நாள் போய்வாருங்கள். பார்வையற்றோர் தொட்டு நேரம் அறிய அவர்கள் செய்த பிரெய்ல் வாட்சைப் பற்றி அங்கே கேளுங்கள்.

ஈரோட்டிலிருந்து: நன்றாக ஓடிய கோஹினூர் திடீரென்று ஒரு மணி நேரத்துக்குப் பல நிமிடம் முந்துகிறது.

காந்தம் ஏறியிருக்கும். ஒலிபெருக்கி, காந்த மூடி போட்ட ஃபோன் உறை, மடிக்கணினி எதன் மீதாவது வைத்தீர்களா? திசைகாட்டி ஒன்றை அருகில் கொண்டுபோங்கள், முள் துள்ளினால் அதுதான். மெக்கானிக்கிடம் காந்தம் நீக்கும் கருவி இருக்கும். வாட்சைப் பிரிக்காமலே சில நொடிகளில் முடிகிற வேலை, அதற்கு முழு சர்வீஸ் கூலி கேட்டால் கொடுக்காதீர்கள்.

சென்னையிலிருந்து இன்னொருவர்: வியர்வையில் பட்டை நாறுகிறது. பழைய வாட்சை வெயிலில் கட்டலாமா?

கட்டலாம், ஆனால் தோல் பட்டை வேண்டாம். சித்திரை, வைகாசியில் துணிபோன்ற நைலான் பட்டை போடுங்கள், துவைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான எச்.எம்.டி. ஆண்கள் வாட்சுக்கு 18 மில்லிமீட்டர் பட்டை பொருந்தும், வாங்குமுன் அளந்துவிடுங்கள். பின்மூடி எஃகாக இருந்தாலும் கேஸ் பித்தளையில் குரோம் பூசியதாக இருக்கலாம். வியர்வை அதைக் குழி குழியாக அரிக்கும். இரவு கழற்றியதும் உலர்ந்த துணியால் கொம்புகளின் உள்பக்கத்தைத் துடையுங்கள். பின்மூடியில் என்ன எழுதியிருந்தாலும் தண்ணீர்க் குழாய்க்குக் கீழே கொண்டுபோகாதீர்கள், உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் எப்போதோ காய்ந்துபோயிருக்கும். பட்டை மாற்றும்போது அதைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் கம்பிகள் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். சில ரூபாய் பொருள், துருப்பிடித்து ஒடிந்தால் வாட்ச் பஸ் படிக்கட்டில் விழும்.