மல்லாரி யாருக்கு?

வணக்கம் ஐயா.

நான் ஓர் ஆசிரியர். உங்கள் கட்டுரைகளைப் பல வருடமாக வாசித்து வருகிறேன். என் மகளுக்குப் பத்தொன்பது வயது. எட்டு வயதிலிருந்து பாட்டு கற்கிறாள், கோயில்களிலும் கல்யாணங்களிலும் பாடுகிறாள். இந்தத் தைப்பூசத்தில், தண்ணீர்ப் பந்தல்களில் முருகன் படத்தைவிட அரசியல் தலைவர்களின் படம் பெரிதாக இருக்கிறது என்று இன்ஸ்டாகிராமில் ஆறு வரி எழுதி, ஒரு பந்தலின் படத்தையும் போட்டுவிட்டாள். இரண்டு நாளில் நான் அழிக்கச் சொல்லிவிட்டேன். அதற்குள் போக வேண்டிய இடத்துக்குச் செய்தி போய்விட்டது. பங்குனி உத்திரத்துக்கு அவள் பாடுவதாக இருந்த கோயிலில் இந்த வருடம் வேறு ஒருவரைப் போட்டிருக்கிறார்கள்.

கலை அரசியலுக்கு அப்பாற்பட்டது என்று நினைப்பவன் நான். செப்பாங் இசை விழாவில் அந்த ஆங்கிலப் பாடகர் பேசியதால் என்ன ஆனது என்று பார்த்தோம். டி.எம். கிருஷ்ணா விஷயத்தில் சென்னையில் நடந்ததையும் பார்த்தோம். பாட்டுக்காரர்கள் பாட்டோடு நிற்பதுதானே நல்லது? தினமும் காலையில் காரில் கே.பி. சுந்தராம்பாள் கேட்பவன் நான். அந்தக் குரலில் பக்தியைத் தவிர வேறென்ன இருக்கிறது? மகள் உங்களை விரும்பி வாசிப்பாள். நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் கேட்டுக்கொள்வாள்.

க., புக்கிட் மெர்தாஜாம், மலேசியா

*

அன்புள்ள க.,

கடிதம் வந்த அன்றே பதில் எழுதியிருந்தால் இங்கே போட முடியாதபடி இருந்திருக்கும். நான்கு நாள் ஆறப்போட்டு எழுதுகிறேன். மகளை அடக்க உங்களுக்கு வாய் வரவில்லை, அதனால் என் வாயை இரவல் கேட்கிறீர்கள். அது கிடைக்காது.

முதலில் சுந்தராம்பாள். வேறெதையாவது சொல்லியிருந்தால் விட்டிருப்பேன், நீங்கள் போயும் போயும் அந்த அம்மாளைச் சாட்சிக்குக் கூப்பிட்டுவிட்டீர்கள். கணவர் கிட்டப்பாவையும் அவரையும் காங்கிரஸ் பக்கம் இழுத்து வந்தவர் சத்தியமூர்த்தி. 1937 தேர்தலில் அந்த அம்மாள் மேடை மேடையாகப் பாடி ஓட்டுக் கேட்டார். பிறகு சென்னை சட்ட மேலவையில் உறுப்பினராகவே உட்கார்ந்தார். படத்தில் ஒளவையாராக வந்தது 1953-ல். நீங்கள் காலையில் காரில் கேட்டு உருகுகிற குரல், அதற்கெல்லாம் முன்பே கூட்டத்தின் கடைசி வரிசைவரை கேட்கும்படி அரசியல் பாடிப் பழகிய குரல். அப்படிப் பாடியதால் அதில் பக்தி குறைந்துவிட்டதாக உங்களுக்குத் தோன்றவில்லை. நாடக நடிகர் விஸ்வநாத தாஸ் முருகன் வேடத்திலேயே வெள்ளைக்காரனைக் கொக்கு என்று பாடிவிட்டு, எத்தனையோ முறை சிறைக்குப் போனவர். 1940 கடைசி நாளில், மேடையில் மயில்மேல் உட்கார்ந்தபடியே உயிர் போனது அவருக்கு. நாகூர் ஹனிபா இறைவனைப் பாடிய அதே தொண்டையில்தான் தி.மு.க. பாட்டையும் பாடினார். இங்கே பினாங்கில் சாமி மாடம் இருக்கிற வீடுகளிலும் அவர் கேசட் ஓடியதை நான் கேட்டு வளர்ந்தேன். யாரும் பிளேயரை நிறுத்தவில்லை.

செப்பாங்கை இதோடு சேர்க்காதீர்கள். 2023 ஜூலை 21, வெள்ளிக்கிழமை. அந்த பிரிட்டிஷ் பாடகர் ஓரினச்சேர்க்கைக்கு எதிரான நம் நாட்டுச் சட்டத்தை மேடையில் திட்டினார், கூட வாசிக்கிற ஆளை முத்தமிட்டார், விமானம் ஏறிப் போய்விட்டார். மீதி இரண்டு நாள் விழாவை அரசாங்கம் ரத்து செய்தது. சனி, ஞாயிறு வாசிக்க வேண்டிய உள்ளூர்ப் பையன்கள் கிடாரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள், சாப்பாட்டுக் கடை போட்டவர்கள் வாங்கி வைத்த கோழியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் சொன்ன விஷயத்தில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. ஆனால் பேசியது ஒருவர், பில் கட்டியது வேறொருவர். அது எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் மகள் பேசினாள், அவளுடைய கச்சேரி போனது, அவளே கட்டினாள். இரண்டையும் ஒரே தட்டில் எப்படி வைத்தீர்கள்?

கிருஷ்ணா விஷயத்தை நீட்ட விருப்பமில்லை. 2024 மார்ச்சில் மியூசிக் அகாதெமி அவருக்கு சங்கீத கலாநிதி விருதை அறிவித்தது. அவர் பெரியாரைப் பாராட்டுகிறவர், அதனால் இந்த டிசம்பரில் பாட மாட்டோம் என்று சிலர் ஊரறியக் கடிதம் எழுதி விலகினார்கள். அவர் பேசியது அரசியல் என்றால் விலகியதும் அரசியல். இரண்டு பக்கமும் பாடத் தெரிந்தவர்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். (அந்தப் பெரியவர் 1929 டிசம்பரில் கப்பலிலிருந்து இறங்கியது நம் பினாங்குத் துறையில்தான். இது சும்மா ஊர்ப் பெருமைக்கு.)

சரி, இப்போது நான் நிற்க நினைத்த இடத்துக்கு வருகிறேன்.

பாட்டுக்காரர்கள் அரசியல் பேசக் கூடாது என்கிறீர்கள். நம் ஊர்ப் பாட்டுக்காரர்கள் வருடம் முழுக்க அரசியல் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள், உங்கள் காதில் விழுவதில்லை. ஏதாவது ஒரு நிதி திரட்டும் விருந்துக்குப் போய்ப் பாருங்கள். டத்தோ (இங்கே அரச பட்டம் வாங்கிய பிரமுகர்) உள்ளே வருகிறார், பாடிக்கொண்டிருந்தவரைப் பாதிப் பல்லவியில் நிறுத்துகிறார்கள், வரவேற்புப் பாட்டு எடுக்கச் சொல்கிறார்கள். பொன்னாடை, மாலை, கட்டில் அகலத்துக்கு ஒரு மாதிரிக் காசோலை, அதைப் பிடித்துக்கொண்டு ஒரு படம். பாடகியும் அந்தப் படத்தில் நிற்க வேண்டும், சிரிக்க வேண்டும். அடுத்த வாரம் பத்திரிகையில் வருகிறது. அந்தப் பெண் அரசியலில் இறங்கிவிட்டாள் என்று எந்த அப்பாவும் எனக்குக் கடிதம் எழுதியதில்லை. புகழ்ந்து பாடினால் அதற்குப் பெயர் மரியாதை, ஒரு கேள்வி கேட்டால் மட்டும் அது அரசியல். இந்த அகராதியை அச்சடித்தவர் யார்?

என்னையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். பல வருடம் முன்பு ஒரு டத்தோவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு எண்சீர் விருத்தத்தில் வாழ்த்துப்பா எழுதிக் கொடுத்தேன். 300 வெள்ளி (ரிங்கிட்). அவரை இமயம் என்றேன், கற்பகத் தரு என்றேன், எதுகை கிடைக்காத ஓர் இடத்தில் வள்ளல் என்றும் சொல்லிவிட்டேன். ஒரு பள்ளிக்கூடப் பெண் அதை மோகனத்தில் பாடினாள். கைதட்டினார்கள். அது அரசியல் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை, காசுக்கு எழுதியது என்று மட்டும் நினைத்தேன். உறைத்தது 2008-ல், என் பெரியப்பாவால்.

பெரியப்பா நாகஸ்வரம் வாசிப்பவர். பகலில் பட்டர்வொர்த் துறைமுகத்தில் சரக்கு எண்ணுகிற வேலை, மாலையிலும் திருவிழா நாட்களிலும் கோயில். தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்து தங்கிய ஒரு வித்வானிடம் பதினோரு வருடம் கற்றவர். அரசியல் பேசி நான் கேட்டதே இல்லை. பேப்பரில் மரண அறிவிப்புப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு மடித்து வைப்பார்.

அந்த வருடம் பிப்ரவரி 13ஆம் தேதி நாடாளுமன்றத்தைக் கலைத்தார்கள். கோலாலம்பூரில் இந்தியர் உரிமை கேட்ட ஹிண்ட்ராஃப் பேரணியில் கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் அடித்து அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஐந்து பேர் விசாரணையில்லாமல் அடைக்கிற இசா சட்டத்தில் உள்ளே இருந்தார்கள். நாலு தமிழர் கூடுகிற எந்த இடத்திலும் பேச்சு பாதியில் நின்றுவிடும், உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அப்போது மாசி மகம் வந்தது. ஊர் பெயர் வேண்டாம், கோயில் பெயரும் வேண்டாம்.

சாமி ஆறரைக்கே அலங்காரம் முடிந்து தயார். ஏழு மணிக்குப் புறப்பாடு. ஒய்.பி. வரவில்லை (மக்கள் பிரதிநிதியை இங்கே அப்படித்தான் சொல்வோம்). நாங்கள் காத்திருந்தோம், சாமியும் காத்திருந்தது. மல்லிகை பழுக்கத் தொடங்கிவிட்டது. குருக்கள் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரியப்பா அது எதையும் கண்டுகொள்ளாமல் தோடி ராகத்தில் உட்கார்ந்திருந்தார், எனக்கென்னவோ அவர் ஒய்.பி. வராமலே இருந்தால் நல்லது என்று நினைத்தது போலத்தான் இருந்தது. எட்டு இருபதுக்குக் கார் வந்தது. செயலாளர் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"ஐயா, ஒய்.பி. வந்துட்டாரு. மல்லாரி எடுங்க."

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மல்லாரி என்பது சாமி புறப்பாட்டுக்கு வாசிப்பது. பெரும்பாலும் கம்பீர நாட்டை ராகம். சாகித்தியம் (பாட்டு வரிகள்) கிடையாது, ஸ்வரமும் தாளக்கட்டும் மட்டும்தான். வீட்டுக்குள் இருப்பவர்களுக்கும் அதைக் கேட்டால் ஒரே அர்த்தம்: சாமி வருது, எழுந்திரு.

பெரியப்பா நாகஸ்வரத்தை வாயிலிருந்து எடுத்தார். "மல்லாரி சாமிக்குப்பா."

"தெரியும்ங்க ஐயா, ஒரு ரெண்டு நிமிசம்."

"சாமி இன்னும் உள்ளதானே இருக்கு?"

சொல்லிவிட்டு, வாயில் வைத்து ஊதுகிற சீவாளியைக் கழற்றினார். துண்டு முனையால் துடைத்தார். நாகஸ்வரத்தில் கொத்தாகத் தொங்குகிற சீவாளிகளில் இன்னொன்றை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பிடிக்கவில்லை போல, விட்டுவிட்டார். இன்னொன்று. நாக்கில் நனைத்தார், தந்தக் குச்சியை உள்ளே விட்டு வாயைச் சரிசெய்தார், மறுபடியும் நனைத்தார். அரை நிமிடத்து வேலை. அன்று நாலு நிமிடம் எடுத்துக்கொண்டார். தவில்காரர் கோலை மடியில் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒய்.பி. காரிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றி, கை கூப்பி, கொடிமரம் தாண்டி வந்து சேரும்வரை அந்தக் கோயிலில் கேட்டது ஜெனரேட்டர் சத்தம் மட்டும்தான்.

பிறகு சாமியைத் தூக்கியபோது மல்லாரி வாசித்தார். வழக்கமாக வெளி வாசலோடு முடித்துக்கொள்வார். அன்று தெருமுனைவரை வாசித்தார்.

அடுத்த வருடம் அவரைக் கூப்பிடவில்லை. இந்தியாவிலிருந்து ஆள் வந்திருப்பதாகச் சொன்னார்கள். பெரியப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு போய்க் கூட்டத்தில் நின்று கேட்டுவிட்டு வந்தார். "பையன் நல்லாத்தான் ஊதறான், மூச்சுல கொஞ்சம் அவசரம்" என்றார், அவ்வளவுதான். 2008 மார்ச் 8 தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று பெரியம்மாவுக்கே தெரியாது. அன்றிரவு பினாங்கில் ஆட்சியே மாறியது, அவர் எட்டரைக்குப் படுத்துவிட்டார். புதிதாக வந்தவர்களுக்கும் அதே கோயில் கமிட்டி அதே மாலையைப் போட்டது, அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏதோ கட்சிக்காரன் என்று நினைப்பீர்கள்.

இவர் அரசியல் பேசினாரா இல்லையா? உங்கள் கணக்கில் எங்கே எழுதுவீர்கள்? என்னைக் கேட்டால், நான் பார்த்ததிலேயே நீளமான அரசியல் பேச்சு அந்த நாலு நிமிடம்தான். அவருக்கு அந்த எண்ணம் இருந்ததா என்பது வேறு. மல்லாரியின் கணக்கு கெடக் கூடாது, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். உங்கள் மகள் எழுதியதும் அதே வரிதான். சாமி படத்தைவிடப் பெரிதாக இன்னொரு படம் வைக்காதே என்றாள். அரசியலைப் பந்தலுக்குள் கொண்டுவந்து கட்டியவர் பேனர்காரர். அதை அவிழ்க்கச் சொன்னவளைப் பிடித்து நீ ஏன் அரசியல் பேசுகிறாய் என்கிறீர்கள். ஆசிரியர் வேறு!

பாட்டுக்காரர்கள் சொல்வதெல்லாம் வேதம் என்று சொல்ல வரவில்லை. நன்றாகப் பாடுகிறவர்கள் படு முட்டாள்தனமாகவும் பேசுவார்கள், கேட்டிருக்கிறேன். அப்போது திருப்பித் திட்டலாம், அதற்கென்ன.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. 1948-ல் வெள்ளைக்காரன் போட்ட தேச நிந்தனைச் சட்டம் இன்னும் இருக்கிறது. இணையத்தில் எழுதுவதற்கு 1998 தொடர்பு பல்லூடகச் சட்டத்தில் 233ஆம் பிரிவு இருக்கிறது. இந்த நாட்டுப் பாடகர் நேம்வீயை 2016-ல் விமான நிலையத்திலேயே பிடித்தார்கள், ஒரு பாட்டுக் காணொளிக்காக. இனம், மதம், அரச குடும்பம், இந்த மூன்றின் பக்கம் போகும்போது இரண்டு தடவை படித்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். அது அவளுக்கு உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பந்தல் பேனரைப் பற்றி எழுதியதற்கு எந்தச் சட்டமும் வராது என்று நினைக்கிறேன். அங்கே இருப்பது கமிட்டி பயம், அதற்குச் சட்டப் புத்தகத்தில் பிரிவு கிடையாது.

அம்மா, நீ இதைப் படிக்கிறாய் என்று அப்பா சொல்கிறார். ஆறு வரியில் இரண்டு ஆச்சரியக்குறி அதிகமாக இருந்திருக்கும் என்று நானாக ஊகிக்கிறேன். அடுத்த முறை குறைத்துக்கொள். வேறு குறை தெரியவில்லை.

க., அழிக்கச் சொன்னது நீங்கள். மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், நம் வீட்டு அப்பாக்களுக்கு அது வராது, விரதமில்லாத ஒரு நாளாகப் பார்த்து ராத்திரி பசெம்போர் (இறால் வடையும் காயும் கலந்த நம் ஊர்த் தின்பண்டம்) வாங்கி வந்து பேசாமல் மேசையில் வைப்பார்கள். அதையாவது செய்யுங்கள்.

அப்புறம், பங்குனி உத்திரத்துக்கு அவள் என்னென்ன பாடுவதாக இருந்தாள்? இவ்வளவு நீளக் கடிதத்தில் அதை மட்டும் எழுதவில்லையே. கேட்டு எழுதுங்கள்.