சிறைக் காவலர் கெட்டுப்போவது எதனால்?

கேள்வி: போன இதழில், அமெரிக்க ராணுவத்தின் குவாண்டனாமோ சிறைக் காவலர் ஒருவர் கைதியோடு சிநேகமாகி, பிற்பாடு அவருடைய நாட்டுக்கே போய்ப் பார்த்து வந்ததைப் பெருமையாக எழுதியிருந்தீர்கள். கைதியோடு சிநேகம் பிடிக்கிறவர், போட்டிருக்கிற சீருடைக்குத் துரோகம் செய்கிறவர் இல்லையா? என் தம்பி மகன் கோவை மத்திய சிறையில் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்திருக்கிறான். தோட்டத்தை நம்பிப் பிழைக்க முடியாத காலத்தில் கிடைத்த கவர்மெண்ட் வேலை. இந்த மாதிரி எழுதிப் பையன்களைக் கெடுக்காதீர்கள். மறுப்பு வெளியிட வேண்டும்.
- ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: மறுப்பு வெளியிட மாட்டோம். தம்பி மகனைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது, அதனால் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

கட்டுரையைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: மொஹமது ஊல்டு ஸ்லாஹி மொரிட்டேனியா நாட்டுக்காரர். பயங்கரவாதி என்ற சந்தேகத்தில் 2002 ஆகஸ்டில் குவாண்டனாமோவுக்குக் கொண்டுவரப்பட்டார். 2003ல் அவரைத் தூங்கவிடாமல், அடித்து, கடலுக்குள் படகில் கொண்டுபோய் மிரட்டிச் சித்திரவதை செய்தார்கள். அது தாங்காமல், கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்று சொல்லிவிட்டார். ஸ்டீவ் வுட் என்ற இளைஞர் அவருக்குக் காவலராக வந்தது 2004ல். உள்ளே இருப்பவர் மிகக் கொடிய பயங்கரவாதி என்றுதான் அவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் கண்டதோ சிரித்த முகத்தோடு பேசுகிற ஒரு மனிதரை. சீட்டு ஆடினார்கள், பேசினார்கள். சொல்லப்பட்டதும் பார்த்ததும் ஒத்துப்போகவில்லை என்ற சந்தேகம் வுட்டுக்கு வந்தது.

இதில் துரோகம் எங்கே இருக்கிறது? சாவியைக் கொடுத்தாரா? கடிதம் கடத்தினாரா? காவல் வேலையைக் காவல் வேலையாகத்தான் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

சிறைக்குள் செல்போனும் கஞ்சாவும் போவது இரக்கத்தால் இல்லை. விலை பேசித்தான் போகிறது. காவலரைக் கெடுப்பது காசும் பயமும். அதோடு இன்னொன்றும் உண்டு, நம் பக்கத்தில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. புதிதாக ஒருவரைப் பார்த்தால் "எந்த ஊருங்க, யார் வூட்டுப் பையனுங்க, எந்தக் கூட்டமுங்க?" என்று (கூட்டம் என்றால் இங்கே குலம்) மூன்று கேள்வியில் ஆளை அளந்துவிடுகிறோம். சிறைக்குள்ளும் அந்த அளவுகோல் போகிறதா இல்லையா? நம்ம ஊர், நம்ம ஆளு என்றால் ஒரு மரியாதை, குடிசையிலிருந்து வந்தவன் என்றால் வேறொரு பேச்சு. உங்கள் பையனைக் கெடுக்கக்கூடிய சிநேகம் இதுதான். யாரும் வியக்காத, எல்லோரும் இயல்பு என்று எடுத்துக்கொள்கிற சிநேகம். வுட்டும் ஸ்லாஹியும் ஊர், மதம், மொழி எதிலும் ஒட்டாதவர்கள். அப்படிப்பட்டவர்களுக்கிடையே வருகிற மதிப்பு ஒருதலைப்பட்சமாக மாறுவது கஷ்டம். பயப்பட வேண்டுமென்றால் ஒரே சாதிச் சிநேகத்துக்குப் பயப்படுங்கள்.

"சரி, விதி என்று ஒன்று இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது, இருக்கவும் வேண்டும். கிறிஸ்டோ பிராண்ட் என்ற வெள்ளைக்காரப் பையனை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தம்பி மகனைப் போலவே தோட்டம் காட்டில் வளர்ந்தவர். 1978ல் தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறைக்கு வேலைக்கு வந்தபோது இருபது வயதுகூட ஆகவில்லை. அங்கே கைதியாக இருந்த நெல்சன் மண்டேலாவுக்கு அப்போது அறுபது. ஒருநாள் மண்டேலாவின் மனைவி வின்னி பேரக்குழந்தையோடு பார்க்க வந்தார். குழந்தையை உள்ளே கொண்டுவர அனுமதி இல்லை. பிராண்ட் முதலில் மறுத்துவிட்டு, அப்புறம் மண்டேலாவின் கையில் சில நொடி குழந்தையைக் கொடுத்து வாங்கினார். விதியை மீறியது உண்மை. அதற்காக அவர் ஒரு காசு வாங்கவில்லை, யாருக்கும் அதனால் கேடு வரவில்லை. நான் அவர் பக்கம்தான். எல்லா விதி மீறலுக்கும் இதைச் சாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் அந்த நொடியில் அவர் செய்ததைத் தவறு என்று எழுத என் கை வராது.

விதிப்படி நடப்பது மட்டுமே பெருமை என்றால், உங்கள் பையன் வேலை பார்க்கிற அதே கோவைச் சிறையில் வ.உ.சிதம்பரனார் செக்கிழுத்ததை நினைத்துப் பாருங்கள். 1908ல் அவரை அங்கே கொண்டுவந்தார்கள். மாடு இழுக்கிற செக்கை அவர் இழுத்தபோது பக்கத்தில் காவல் நின்றவர்களும் உத்தரவுப்படிதான் நின்றார்கள்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. போன இதழ்க் கட்டுரை அதைத் தொடவில்லை. வுட்டின் நட்பு ஸ்லாஹியின் கதவைத் திறக்கவில்லை. வுட் 2005ல் ஊருக்குப் போய்விட்டார், ஸ்லாஹி உள்ளேயே இருந்தார். 2010ல் அமெரிக்க நீதிபதி ஒருவர் விடுதலை செய்யச் சொன்னார், அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. 2016 அக்டோபரில்தான் வெளியே வந்தார். 14 வருடத்தில் ஒரு குற்றச்சாட்டுகூடப் பதிவாகவில்லை. கதையைப் படித்து நெகிழ்ந்தவர்கள் பலர் எழுதினார்கள், ஆனால் அந்த 14 வருடத்தைப் பற்றிக் கோபப்பட்டு ஒரு கடிதம்கூட வரவில்லை. எனக்கு அது வருத்தமாக இருக்கிறது.

ஸ்டூவர்ட் கவுச் என்ற ராணுவ வழக்கறிஞரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்லாஹி மீது வழக்கு நடத்தும் பொறுப்பு இவருக்குத்தான் வந்தது. இவருடைய சிநேகிதர் 2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத்தில் மோதிய விமானம் ஒன்றின் துணை விமானி. பழிவாங்க இவரைவிடக் காரணம் உள்ளவர் யார்? ஆனால் வாக்குமூலம் சித்திரவதையால் வாங்கியது என்று தெரிந்ததும், 2004ல் வழக்கை நடத்த மறுத்துவிட்டார். ஸ்லாஹியோடு அவருக்கு எந்தச் சிநேகமும் கிடையாது. சீருடைக்கு விசுவாசம் என்றால் எனக்கு இவர் நினைவுதான் வருகிறது. நம் நாட்டிலும் ஆள் இருக்கிறார்கள். 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையையும் மகனையும் போலீசார் அடித்த அந்த இரவு நடந்ததை நீதித்துறை நடுவரிடம் சொன்ன தலைமைக் காவலர் ரேவதியும் சீருடை போட்டவர்தான்.

அதனால் தம்பி மகனிடம் "யாரோடும் சிநேகம் வேண்டாம்" என்று சொல்லி அனுப்பாதீர்கள். சின்னப் பிள்ளையைக்கூட "வாங்க கண்ணு" என்று கூப்பிடுகிற ஊரில் வளர்ந்தவர் அவர். அந்தப் பேச்சைச் சிறை வாசலில் கழற்றி வைக்கத் தேவையில்லை. மனு போட்டு உள்ளே இருக்கிற பிள்ளையைப் பார்க்க ஈரோட்டிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் பஸ் ஏறி வந்து காத்துக்கிடக்கிற அம்மாக்களிடமும் அப்படியே பேசலாம்.

அவர் பார்க்கப்போகிற ஆட்களில் பெரும்பாலானவர்கள் தண்டனை பெற்றவர்களாக இருக்க மாட்டார்கள். 2022 முடிவில் நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பேர் மீது குற்றம் நிரூபணமாகவில்லை என்று அர்த்தம். குண்டர் சட்டத்தில் வருகிறவர்களை விசாரணையே இல்லாமல் 12 மாதம் வரை வைத்திருக்கலாம். குவாண்டனாமோ எங்கோ இருக்கிறது என்று நினைக்க வேண்டாம்.

பையனிடம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479வது பிரிவைப் படிக்கச் சொல்லுங்கள், 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இதற்குமுன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாத விசாரணைக் கைதி, அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தையும், மற்றவர் பாதியையும் உள்ளேயே கழித்துவிட்டால் ஜாமீனில் விட வேண்டும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய வழக்குகளுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. காலம் முடிந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. ஆயிரக்கணக்கானோர் இருக்கிற இடத்தில் அந்தக் கணக்கு தவறிப்போகும். தினமும் பெயர் கூப்பிட்டு எண்ணிப் பூட்டுகிற காவலருக்குத்தான் யார் எத்தனை நாளாக இருக்கிறார் என்பது முகத்தோடு தெரியும். அப்படி ஒருவரைப் பார்த்தால் மேலதிகாரியிடம் எழுத்தில் கொடுக்கட்டும். வக்கீல் வைக்க வசதி இல்லாதவரிடம், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கிடைப்பார் என்று சொல்லட்டும். கேட்கிறவர் எந்தக் கூட்டம் என்று விசாரிக்காமல் சொல்லட்டும்.