தலைத் தழும்புக்குப் பலூனா, தொடைத் தோலா?

கேள்வி: சிறுவயதில் கொதிக்கும் கஞ்சி கொட்டியதால், 12 வயதாகும் என் மகளின் தலையில் உள்ளங்கையளவுக்கு முடி முளைக்காத தழும்பு இருக்கிறது. தோலுக்கடியில் பலூன் வைத்துச் சரிசெய்யலாம் என்கிறார் மதுரை மருத்துவர். தொடைத் தோலை ஒட்டினால் ஒரே முறையில் முடிந்துவிடும் என்கிறார்கள் உறவினர்கள். எது நல்லது?
– ஒரு தாய், பாம்பன்

பதில்: தொடைத் தோல் ஆறாத புண்ணை மூட உதவும், ஆனால் அதில் தலைமுடி வளராது. தழும்பு குறுகலாக இருந்தால் இரண்டு மூன்று முறை சிறிது சிறிதாக வெட்டித் தைத்தே அகற்றிவிடலாம். உள்ளங்கையளவுத் தழும்புக்கு அது போதாது. முடியுள்ள தோலைத் தலையிலிருந்து மட்டுமே பெற முடியும் என்பதால், மதுரை மருத்துவர் சொன்னதே சரியென்று கருதுகிறேன்.

1957-இல் நியூமன் என்ற அறுவை மருத்துவர் காதுச் சீரமைப்புக்காக முதலில் கையாண்ட இந்தப் பலூன் முறையை, 1970-களில் ரடோவன் என்ற அறுவை மருத்துவர் சிலிக்கான் பலூனைக் கொண்டு செம்மைப்படுத்தினார். தழும்பை ஒட்டிய நல்ல தோலுக்கடியில் பலூனை வைத்து, தையல் ஆற ஏறத்தாழ இரண்டு வாரம் விட்டு, பிறகு வாரந்தோறும் மெல்லிய ஊசியால் பலூனுக்குள் சலைன் (உப்புநீர்) ஏற்றுவார்கள்; பலூன் உப்ப உப்ப மேலுள்ள தோல் விரியும். மேல்தோல் வெளுத்தாலோ குழந்தை வலிக்கிறது என்றாலோ அத்துடன் நிறுத்திவிடுவார்கள். தேவையானால் கொஞ்சம் திரும்ப எடுத்துவிடவும் முடியும். போதிய தோல் சேர இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம். அதன்பின் இரண்டாவது அறுவை சிகிச்சையில் பலூனையும் தழும்பையும் அகற்றி, விரிந்த தோலை இழுத்துத் தைப்பார்கள். புதிய முடிவேர்கள் உண்டாவதில்லை. இருப்பவையே சற்று விலகி நிற்கும், பார்வைக்கு அது பெரும்பாலும் தெரியாது.

உடல்நீரை உறிஞ்சித் தானாகவே உப்பும் ஜெல் வகையும் உண்டு. வாராவாரம் மதுரைக்கு அலைய வேண்டாமே என்று அது உங்களைக் கவரக்கூடும். ஆனால் உள்ளே வைத்த பிறகு அதன் வேகத்தைக் குறைக்கவோ நீரை வெளியே எடுக்கவோ இயலாது என்பதால், இவ்வளவு பெரிய தழும்புக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆண்டுத் தேர்வு முடிந்ததும் பலூன் வைக்குமாறு கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால், தந்தை விசைப்படகில் கடலுக்குச் செல்பவராக இருந்தால் உடன் வர அவருக்கும் இயலும்; தலை புடைத்துத் தெரியும் நாட்களில் ஒரு பகுதி பள்ளி விடுமுறையிலேயே கழிந்துவிடும். சலைன் ஏற்றும் வேலையை மட்டும் ராமநாதபுரத்திலேயே செய்துகொள்ள வழியுண்டா என்பதையும் மருத்துவரிடம் விசாரியுங்கள்.

பலூன் இருக்கும்வரை கடற்குளியல் வேண்டாம். தலையில் அடிபடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். தோல் சிவந்து சூடேறினாலோ, நீர் கசிந்தாலோ, மெலிந்து பளபளத்தாலோ, அடுத்த ஊசி நாள்வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.