மேடைப்பலகை: அசல் எது, போலி எது?

கேள்வி: சமையல் மேடைக்குக் கோரியன் போட்டுத் தருவதாக ஒப்புக்கொண்டு முன்பணம் வாங்கியவர், பலகைகளைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். தொட்டால் வழவழப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பெயரில் போலிச் சரக்கு உலவுவதாகச் சொல்கிறார்கள். வெட்டுவதற்கு முன் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: வெட்டுவதற்கு முன் கேட்டது நல்லதாயிற்று. வழவழப்பை மட்டும் நம்பாதீர்கள். எந்தப் பிசின் பலகையையும் உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றினால் கைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

முதலில் பெயர்க் குழப்பம். கோரியன் என்பது 1967-இல் டூபான்ட் நிறுவனம் உருவாக்கிய அக்ரிலிக் பலகையின் வணிகப் பெயர். ஹை-மேக்ஸ், ஸ்டாரான் என்று பிற நிறுவனங்களும் பின்னர் அதே வகைப் பலகைகளைக் கொண்டுவந்தன, அவை போலியல்ல. பாலியெஸ்டர் என்னும் வேறு பிசினால் செய்த பலகைகூட அதன் பெயரிலேயே, அதற்குரிய விலையில் விற்கப்பட்டால் குற்றமில்லை. ஒன்றின் பெயரைச் சொல்லி இன்னொன்றைத் தலையில் கட்டுவதுதான் மோசடி.

அசல் அக்ரிலிக் பலகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அக்ரிலிக் பிசினும், மீதிப் பெரும்பகுதி அலுமினியம் ட்ரைஹைட்ராக்சைடு என்னும் கனிமத்தூளும் இருக்கும். போலி செய்கிறவர் பிசினில் பாலியெஸ்டரைக் கலப்பார், அல்லது கனிமத்தூளுக்குப் பதிலாக மலிவான சுண்ணாம்புக்கல் தூளைச் சேர்ப்பார். சிலர் இரண்டையும் செய்வார்கள்.

பலகையைத் திருப்பிப் பாருங்கள். பெயர்பெற்ற நிறுவனங்கள் அடிப்புறத்தில் பெயரையும் தொகுதி எண்ணையும் அச்சிடுவது வழக்கம். அச்சையும் போலியாகப் போடலாம் என்பதால், அந்த எண்ணை நிறுவனத்திடமே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு பலகையின் ஓரத்திலிருந்து விரலளவு துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அதன் வெட்டுமுகத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே நிறமும் ஒரே புள்ளிகளும் தெரிய வேண்டும். மேலே மட்டும் நிறமுள்ள மெல்லிய தோல் இருந்தால் அது வேறு சரக்கு.

அந்தத் துண்டை உப்புத்தாளில் தேய்த்து, உதிரும் தூளின்மேல் இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்புக்கல் தூள் கலந்திருக்கிறது. மெருகேற்றிய முகத்தில் விட்டால் பிசின் தூளை மூடியிருப்பதால் ஒன்றும் தெரியாது. தூளில்தான் விட வேண்டும். பொங்கவில்லை என்பதால் மட்டும் அசல் என்று முடிவுகட்டவும் கூடாது, ஏனெனில் அதே கனிமத்தூளை வைத்துப் பாலியெஸ்டர் பலகையும் செய்யலாம்.

அங்கேதான் வளைவுச் சோதனை உதவும். வேலை செய்பவரின் பட்டறையில் மெல்லிய கீற்று ஒன்றைச் சுமார் 160 டிகிரி செல்சியஸ் வரை சீராகச் சூடாக்கி வளைக்கச் சொல்லுங்கள். அக்ரிலிக் இளகி வளையும். பாலியெஸ்டர் இளகாமல் விரிசல் விடும். இந்தச் சோதனைக்கு அவர் தயங்கினால், எனக்கு அதுவே போதுமான பதில்.

தடிமனையும் அளந்துவிடுங்கள். மேடைக்கு வழக்கமான அளவு 12 மில்லிமீட்டர். முன்விளிம்பில் பட்டை ஒட்டித் தடிமனாகக் காட்டுவது எல்லாரும் செய்வதே. ஆகவே மேடை போட்ட பிறகு அளப்பதானால் அங்கே அளக்காமல், தொட்டிக்காக வெட்டிய துளையின் ஓரத்தில் அளக்க வேண்டும்.

கேள்வி: இரண்டு ஆண்டுக்கு முன் போட்ட வெள்ளை மேடை, சன்னலை ஒட்டிய பகுதியில் மட்டும் மஞ்சளாகிவிட்டது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: வெயில் பட்டு விரைவில் மஞ்சளாவது பாலியெஸ்டரின் குணம் என்பதால் உங்கள் சந்தேகம் நியாயமானதே. எண்ணெய்ப் படலமும் அப்படித் தோற்றமளிக்கும். முதலில் அதைச் சோப்புநீரால் தேய்த்துக் கழுவுங்கள். மாறாவிட்டால் மறைவான மூலையில் காசளவு இடத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பாருங்கள். அடியில் வெள்ளை தெரிந்தால் மஞ்சள் மேற்பரப்போடு நிற்கிறது. மேடை முழுவதையும் தேய்த்து மெருகேற்றிக்கொள்ளலாம், ஆனால் பாலியெஸ்டராக இருந்தால் அதே இடம் திரும்பவும் மஞ்சளாகும்.

கேள்வி: லைட்டரால் சுட்டுப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். புகை மூச்சுக்குக் கெடுதல், அசல் பலகையிலும் கருகல் விழும். வினிகரும் வளைவுச் சோதனையும் இதைவிடத் தெளிவான பதிலைச் சொல்லிவிடும்.