சட்டக் கல்லூரிக்கு முன் ஒரு பரீட்சை

கேள்வி: எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் முடித்து, திருச்சியில் ஓர் உயிர் உரக் கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். மருந்து, பயோடெக் கம்பெனிகளுக்குக் காப்புரிமை வக்கீலாக ஆசை. வேலையை விட்டுவிட்டு மூன்று வருடச் சட்டப் படிப்பில் சேரலாமா?
- வாசகி, பாபநாசம்

பதில்: இப்போதைக்கு வேலையை விடாதீர்கள். விண்ணப்பம் எழுதி, தாக்கல் செய்து, காப்புரிமை அலுவலகத்தில் அதிகாரி முன் வாதாடச் சட்டப் பட்டம் தேவையில்லை. 21 வயது, இந்தியக் குடியுரிமை, அறிவியல் பட்டம், காப்புரிமை முகவர் தேர்வில் தேர்ச்சி, இவ்வளவுதான். சட்டத் தாள் 100 மதிப்பெண், விண்ணப்பத்தின் விவரணையை (கண்டுபிடிப்பை விளக்கி உரிமை கோரும் ஆவணம்) எழுதிக் காட்டும் வரைவுத் தாள் 100, நேர்முகம் 50. இரண்டு தாள்களிலும் தலா 50 சதவீதம், மொத்தத்தில் 60 சதவீதம் வேண்டும். தேர்வு எல்லா வருடமும் நடப்பதில்லை. அறிவிப்பு வந்தால் தவறவிடாதீர்கள். உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடத்தத்தான் வக்கீலாக வேண்டும். அதைப் பிறகு பார்க்கலாம்.

ஆய்வகத்திலிருந்து வருகிறவர்கள் சறுக்குவது வரைவுத் தாளில். ஆய்வேடு மாதிரி எழுதிவிடுவார்கள். குறுவை வயலின் வேர்மண்ணிலிருந்து நீங்கள் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்ததாக வைத்துக்கொள்வோம். எதற்கு உரிமை கோருவீர்கள்? பாக்டீரியாவுக்கேவா? இயற்கையில் இருப்பதைக் கண்டுபிடித்தால் காப்புரிமைச் சட்டத்தின் 3(சி) பிரிவு தடுக்கும். வயலில் இடும் முறைக்கு என்றால் விவசாய முறைகளுக்குக் காப்புரிமை மறுக்கும் 3(எச்). அதில் நனைத்த விதைக்கு என்றால் விதைகளுக்கு மறுக்கும் 3(ஜே). இன்னொரு பாக்டீரியாவோடு சேர்த்த கலவைக்கு என்றால் 3(இ) வந்து நிற்கும்: வெறும் கலப்பு போதாது, தனித்தனிப் பலன்களின் கூட்டலைவிடக் கலவை அதிகம் தர வேண்டும். இங்கேதான் நிறைய விண்ணப்பங்கள் சாகின்றன. கலவையை மட்டும் சோதித்திருப்பார்கள். முதலாவது தனியாக, இரண்டாவது தனியாக, இரண்டும் சேர்த்து, எதுவும் இடாமல் என்று நான்கு பாத்தி போட்டிருந்தால் பதில் கையில் இருந்திருக்கும். தாக்கல் செய்த விவரணையில் பிறகு புதுச் சரக்கைச் சேர்க்கச் சட்டம் விடாது.

தாக்கலுக்கு முன் கட்சிக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "கட்டுரை வெளியிட்டுவிட்டீர்களா?" வெளியான ஆய்வேடும் மாநாட்டுச் சுருக்கமும்கூடப் புதுமையைக் கெடுத்துவிடும். அடுத்தது, "எந்த ஊர் மண்?" மூலத்தையும் கிடைத்த இடத்தையும் விவரணையில் எழுத வேண்டும், சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் நடைமுறையும் உண்டு. எழுத்தில் விவரித்து முடியாத உயிரியானால், தாக்கல் தேதிக்குள் சண்டிகரின் எம்.டி.சி.சி. போன்ற வைப்பகத்தில் ஒப்படைத்திருக்க வேண்டும்.

மருந்துப் பக்கம் போனால் 3(டி)யோடுதான் குடித்தனம்: தெரிந்த மருந்துப் பொருளின் புது வடிவம் பலனைக் கூட்டாவிட்டால் காப்புரிமை இல்லை என்கிற பிரிவு அது. புற்றுநோய் மருந்தான கிளிவெக்கின் விண்ணப்பத்தைச் சென்னை அலுவலகம் 2006-ல் நிராகரித்தது. உச்ச நீதிமன்றம் 2013-ல் கம்பெனியின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அந்தத் தீர்ப்பை முழுதாகப் படியுங்கள், சுருக்கத்தை அல்ல.

காப்புரிமை அலுவலக இணையதளத்தில் முதல் ஆய்வறிக்கைகளும் (விண்ணப்பத்தின் மீது அதிகாரி எழுப்பும் ஆட்சேபணைகள்) அவற்றுக்கு விண்ணப்பதாரர் தந்த பதில்களும் இலவசம். பதில் தர ஆறு மாதம், கேட்டால் இன்னும் மூன்று. உயிர் உரம் பற்றிய பத்துப் பதினைந்தைப் படித்துவிட்டு, சொந்தமாக ஒரு வரைவு எழுதுங்கள். சென்னை நிறுவனங்களில் பயிற்சி கேட்கும்போது மதிப்பெண் பட்டியலைவிட அது பேசும். உங்கள் கம்பெனியின் வெளியிடாத தரவு ஒரு வரிகூட அதில் இருக்கக் கூடாது. அச்சில் வந்த பழைய கட்டுரை ஒன்றின் எண்களை எடுத்துக்கொள்ளுங்கள்.