பக்கம் தன்னையே படமெடுக்குமா? பிரவுசர் ஸ்கிரீன்ஷாட் கேள்வி பதில்

கேள்வி: ஒரு பட்டனை அமுக்கினால் பக்கம் முழுவதும் படமாக டவுன்லோட் ஆக வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் இதற்கு நேரடிக் கட்டளை எது?

பதில்: பயனரைக் கேட்காமல் எடுக்கும் கட்டளை இல்லை. பக்கத்துக்குள் ஐஃப்ரேமில் வேறொரு தளம் இருக்கலாம், அதில் பயனர் லாகின் செய்திருக்கலாம். சும்மா படமெடுக்க விட்டால் அதெல்லாம் உங்கள் கைக்கு வந்துவிடுமே! எச்டிஎம்எல்2கேன்வாஸ் (html2canvas) என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி செய்வதும் படமெடுப்பது அல்ல, பார்த்து வரைவது. டாமையும் (பக்கத்தின் உறுப்புகளின் அமைப்பு) ஸ்டைல்களையும் படித்து, கேன்வாஸில் (பக்கத்தில் படம் வரைவதற்கான பரப்பு) ஒவ்வொன்றாக மறுபடி வரைகிறது. அதனால் அதற்குத் தெரியாத சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்துக்கான விதிகள்) படத்தில் வராது. ஃபில்டர், மிக்ஸ்-பிளெண்ட்-மோட் இரண்டும் அப்படித்தான் காணாமல் போகும்.

கேள்வி: எச்டிஎம்எல்2கேன்வாஸில் எழுத்தெல்லாம் வருகிறது, போட்டோக்கள் மட்டும் வெற்றிடம். கேன்வாஸைப் படமாக வெளியே எடுக்க டூடேட்டாயுஆர்எல் கூப்பிட்டால் செக்யூரிட்டி எரர்.

பதில்: போட்டோக்கள் வேறு டொமைனிலிருந்து வருகின்றனவா? அனுமதியில்லாத ஒரு படம் பட்டாலும் கேன்வாஸ் கறைபட்டுவிடும். அப்புறம் அதில் வரையலாம், வெளியே எடுக்க முடியாது. எச்டிஎம்எல்2கேன்வாஸின் யூஸ்கார்ஸ் ஆப்ஷனை ட்ரூ ஆக்குங்கள். ஆனால் அது பாதி வேலைதான். படம் இருக்கும் சர்வர் ‘ஆக்சஸ்-கண்ட்ரோல்-அலோ-ஆரிஜின்’ ஹெடர் அனுப்பி அனுமதி தர வேண்டும். அந்த சர்வர் உங்கள் கையில் இல்லையென்றால், உங்கள் சர்வர் வழியாகப் படத்தை வாங்கிக் கொடுங்கள். அலோடெயின்ட் ஆப்ஷனைப் போட்டுவிட்டு “இன்னும் எரர் வருகிறதே” என்று வருபவர்கள் நிறைய. அது கறையை ஏற்றுக்கொள்கிறது, துடைப்பதில்லை.

கேள்வி: நீளமான பக்கம் ஐபோனில் வெறும் வெள்ளையாக வருகிறது.

பதில்: கேன்வாஸுக்கு அளவு வரம்பு உண்டு. சஃபாரியின் பல பதிப்புகளில் அது 1,67,77,216 பிக்சல், அதாவது 4096×4096. 390 பிக்சல் அகலப் பக்கத்தை ஸ்கேல் 3-இல், அதாவது மூன்று மடங்காக, வரைந்தால் அகலமே 1170. உயரம் ஏறத்தாழ 4,780 சிஎஸ்எஸ் பிக்சலைத் தாண்டினால் வரம்பு முடிந்தது. ஸ்கேலைக் குறையுங்கள், இல்லையென்றால் துண்டு துண்டாக எடுங்கள்.

கேள்வி: திரையில் தெரிவது அச்சு அசலாக வேண்டும்.

பதில்: அப்படியென்றால் பிரவுசரிடமே கேட்க வேண்டும். கெட்டிஸ்ப்ளேமீடியா (getDisplayMedia) என்ற கட்டளை பயனரிடம் அனுமதி கேட்டு, திரையை வீடியோவாகத் தரும், அதில் ஒரு ஃபிரேமை எடுத்துக்கொள்ளலாம். எச்டிடிபிஎஸ் இருக்க வேண்டும், பயனர் கிளிக் செய்திருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் எழுதுவதாக இருந்தால் கேப்சர்விசிபிள்டேப் என்ற கட்டளை இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் பகுதி மட்டும் வரும், குரோமில் நொடிக்கு 2 முறைதான். ஸ்க்ரோல் செய்து ஒட்டினால், மேலே நிலையாக நிற்கும் மெனு ஒவ்வொரு துண்டிலும் வந்து நிற்கும். முதல் துண்டுக்குப் பிறகு அதை மறைத்துவிடுங்கள்.

கேள்வி: பிரவுசரைக் கோடு மூலம் இயக்கும் பப்பெட்டியர் போதாதா?

பதில்: பொதுப் பக்கம் என்றால் தாராளமாகப் போதும், ஃபுல்பேஜ் ஆப்ஷனும் உண்டு. ஆனால் அது சர்வரில் ஓடும் வேறொரு பிரவுசர். பயனர் பாதி நிரப்பிய படிவம் அதற்குத் தெரியாது.

கேள்வி: எனக்கு ஒரே ஒரு தடவைதான் வேண்டும்.

பதில்: அப்படியானால் கோடே எழுதாதீர்கள். குரோமில் டெவ்டூல்ஸைத் திறந்து, கண்ட்ரோல்-ஷிஃப்ட்-பி அமுக்கி, ஸ்கிரீன்ஷாட் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். முழுப் பக்கத்துக்கான கட்டளை அங்கேயே இருக்கிறது.